அடி வழிக்காத அக்கா

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் கொழுந்தனார் பிள்ளைகள். ஆறு பேரும் படித்தார்கள், ஆறு பேரும் வேலைக்குப் போனார்கள், இன்றைக்கும் வீட்டில் ஒரு சிக்கல் என்றால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஆனாலும் புனேக்கு வந்த பிறகு பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே மராத்தி எழுத்தும் கற்றுக்கொண்டேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் லேசில் யாரையும் புகழ்கிறவள் இல்லை. அக்காவைப் பற்றிச் சொல்லும்போது அது நினைவில் இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் சர்க்கார் குவார்ட்டர்ஸை விட்டு ஔந்துப் பகுதியில் ஒரு சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், ஃபிளாட் வாங்கினார். எங்களுக்கு நேர் கீழ்வீடு அக்காவுடையது. அவள் வீட்டுக்காரர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெகுகாலம் லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் இருந்துவிட்டு வந்தவர்கள். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சொசைட்டியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மராத்தியிலும் அக்கா என்றால் அக்காதான் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். நானும் பெயரை எழுதாமலே விடுகிறேன்.

குடிவந்த புதிதில் ஒருநாள் அரிசி டப்பாவைக் கழுவுவதற்காகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்தவள் வாசலிலிருந்து பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏட்டி, அடிய வழிக்காதே."

"வண்டு வந்துருச்சுக்கா. கழுவணும்."

"கழுவு, யாரு வேண்டாம்னா? ஒரு பிடிய ஒரு தாள்ல எடுத்து வெச்சிட்டுக் கழுவு. காஞ்சதும் அத முதல்ல போட்டுட்டு அதுக்கு மேல புதுசக் கொட்டு."

அரிசிப் பானையைத் துடைத்து எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அரிசி, உப்பு, மஞ்சள், அத்தோடு சரி. அக்காவுக்கோ உலகத்தில் உள்ள அத்தனையும் அரிசிப் பானை. எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து வைத்து வடிய விடமாட்டாள். பற்பசையை உருட்டிப் பிதுக்க மாட்டாள். சேலைத்தலைப்பில் முடிந்த பூவில்கூட இரண்டு பூவைத் தனியே எடுத்து ஈரத்துணியில் வைப்பாள். அவள் வீட்டுச் சட்டிகளில் எப்போதும் ஏதோ கொஞ்சம் கிடக்கும். பார்த்தால் எரிச்சலாக வரும். நான் பாத்திரத்தைப் பளபளவென்று வழித்து வைக்கிறவள்.

அவள் வீட்டுக்காரர் ஒருநாள் மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார்: "சண்டையும் அப்படித்தாம்மா. ஒருநாளும் முழுசாப் போட்டு முடிக்க மாட்டா. நாளைக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிருவா."

"வெக்கலைன்னா நாளைக்கு உங்ககிட்ட என்னத்தப் பேச?" என்றாள் அக்கா உள்ளே இருந்து.

ஊர்க்கதை சொன்னாலும் அதே கதைதான். பி பிளாக்கில் யார் பெண் யாரோடு ஸ்கூட்டரில் போனாள் என்று தொடங்குவாள். என் அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் அளவுக்கு என்னை நிற்க வைத்துவிட்டு, "சரிட்டி, மிச்சம் நாளைக்கு" என்று இறங்கிப் போய்விடுவாள். எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறது எனக்கு.

எங்கள் சொசைட்டிக்குப் பின்னால் ஒரு டேக்டி. குன்றுக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அக்கா காலையில் அங்கே நடக்கப் போவாள். ஒருநாள் மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்து, விரல் நுனியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

நன்னாரி. என் அம்மா வீட்டில் கோடைக்கு மண்பானைத் தண்ணீரில் போட்டு வைக்கிற அதே வாசனை. பட்டணத்து நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சுள்ளியாகத்தான் அதுவரை நான் வாங்கியிருந்தேன். இங்கே, நம் வீட்டுப் பின்னால், தானாக முளைத்துக் கிடக்கிறது என்றதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். செருப்புக்கூட மாற்றவில்லை.

டேக்டியின் மேற்குச் சரிவு முழுக்க அது படர்ந்திருந்தது. ஒல்லி ஒல்லியான இலை, நடுவில் வெள்ளைக் கோடு இழுத்தது போல இருக்கும். கொடியை ஒடித்தால் பால் வரும். நான் ஒன்றைக் கொத்தாகப் பிடித்து இழுக்கப் போனேன். மறுபடியும் மணிக்கட்டில் அவள் கை.

"இன்னும் காய் வெடிக்கலல்லா. வெடிச்சு, பஞ்சு பறந்து, விதை அங்கன இங்கன விழட்டும். பொறவு வருவோம்."

காய் வெடித்த பிறகு போனோம். அவள் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். விமானத்தைக் கழற்றுவதற்கு அவள் வீட்டுக்காரர் வைத்திருந்தது. கொடியின் அடியில் ஒரு பக்கம் மட்டும் மண்ணைக் கிளறி, தாய்வேரைத் தொடாமல், பக்கவாட்டில் ஓடும் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டே போவாள். பென்சில் பருமன்தான் இருக்கும். அதையும் கடைசி வரை தோண்ட மாட்டாள். நறுக்கி எடுத்துக்கொண்டு, மண்ணைத் தள்ளி, குதிகாலால் அழுத்திவிட்டு, அடுத்த கொடிக்குப் போவாள். ஒரு வருடம் சரிவின் கீழ்ப்பாதி, அடுத்த வருடம் மேல்பாதி. தொட்ட கொடியை மறு வருடம் தொடுவதில்லை.

"தாய்வேரு கெடந்தாத்தான் மழைக்குத் திரும்ப வரும். அதப் புடுங்கிட்டா அந்தக் குழி குழிதான்" என்பாள். அவ்வளவுதான் அவள் சொன்ன வைத்தியமும் விவசாயமும்.

கோடை வந்தால் அவள் அடுக்களை முழுக்க அந்த மணம். வேரைத் தட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை எறிந்துவிட்டு, தோலை மட்டும் ஊறவைத்து, காய்ச்சி, சர்க்கரைப் பாகு சேர்ப்பாள். உடம்புச் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் பிள்ளைகளின் வேர்க்குருவுக்கும் அந்தச் சர்பத்தைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். சொசைட்டியில் வீட்டுக்கு ஒரு குப்பி. ஆனால் எந்தக் குப்பியும் கழுத்து வரை இருக்காது.

"முழுசா நிரப்பினா கை வலிக்குமாக்கா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"சரிவு அவ்வளவுதாம்ட்டி குடுத்துச்சு. எங்கிட்டக் கேட்டா?"

தமிழ் வருடப் பிறப்புக்குத் தமிழர்கள் எல்லோரும் ஒரு ஹாலில் கூடுவோம். ஒரு வருடம் கமிட்டித் தலைவராக இருந்த பேங்க் மேனேஜர், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நன்னாரி சர்பத் கொடுக்க வேண்டும், நான் இரண்டு ஆளை மண்வெட்டியோடு அனுப்புகிறேன் என்றார். அக்கா முடியாது என்றாள். வழக்கமாக எடுக்கும் அளவே எடுத்தாள். விழா அன்று சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஊற்றி வைத்தாள். வரிசையில் நின்ற ஒரு மாமா கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இது சர்பத்தா, தீர்த்தமா?" என்றார்.

"எங்க கோயில்ல திராட்ச ரசம் இம்புட்டுத்தான் குடுப்பாவ. ஆனா வருசம் பூரா நெனச்சுக்கிட்டுல்லா இருக்கோம்" என்றாள்.

மாமா குடித்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார். அவள் கொடுக்கவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. என் பெரியவளுக்குக் கல்யாணம் ஆகி, பேரன் பிறந்து, இரண்டாயிரமும் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒரு ஜனவரியில்தான் அது நடந்தது.

காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா டேக்டியிலிருந்து ஓடி வந்தாள். நடக்கவே அலுத்துக்கொள்கிற உடம்பு, ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஏட்டி, தோண்டுதாவ. மேச்சரிவு பூராத் தோண்டுதாவ. கடப்பாரைய வெச்சுத் தோண்டுதாவட்டி."

கோலப்பொடியை அப்படியே போட்டேன். சொசைட்டி செக்ரட்டரி வீட்டம்மா, பி பிளாக் பஞ்சாபிக்காரி, நாங்கள் இரண்டு பேர், இன்னும் யார் யாரோ, நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஏறினோம். மேற்குச் சரிவின் மேல்பாதியில் பெண்கள் கடப்பாரையோடு நின்றார்கள். டேக்டிக்கு அந்தப் பக்கத்து வஸ்திக்காரர்கள். வஸ்தி என்றால் குடிசைகளாகச் சேர்ந்த சிற்றூர். கீழே பாதையில் வேரை எடை போட்டு வாங்கிப்போக வந்த ஒரு டெம்போ. சரிவெல்லாம் குழி. வேரை அடியோடு பெயர்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்கள் இன்னும் பச்சையாகக் கொடியிலேயே இருந்தன.

அங்கே பேசியதெல்லாம் மராத்தியில். எனக்கு விளங்கியபடி தமிழில் சொல்கிறேன்.

பச்சைப் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டியிருந்த ஒருத்திதான் அவர்களுக்குத் தலைவி. நல்ல ஆகிருதி. எங்களைப் பார்த்ததும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "ஹா டோங்கர் தும்சா காய்?" என்றாள். இந்த மலை உங்களுடையதா என்று கேட்கிறாள்.

அக்காவுக்கு மராத்தி புரியும், பேச வராது. இந்தியில்தான் பதில் சொல்வாள். "மேரா நஹி. தேரா பி நஹி" என்றாள். என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை என்று.

செக்ரட்டரி வீட்டம்மா போலீசுக்குப் போன் போடலாம் என்றாள். அக்கா என் காதருகே, "போலீஸ் வந்தா இந்தப் பொம்பளையளத்தான் ஏத்துவான். டெம்போக்காரன் டாட்டா காட்டிட்டுப் போயிருவான். அதுவா நமக்கு வேணும்?" என்றாள். பிறகு பச்சைப் புடவைக்காரியிடம் போய், "போன வருசம் எங்க தோண்டினே?" என்று கேட்டாள்.

"எங்க வஸ்திக்குப் பின்னால. இதே டெம்போதான்."

"இந்த வருசம் ஏன் அங்க போகல?"

பச்சைப் புடவைக்காரியின் பக்கத்தில் இருந்த கிழவி முந்திக்கொண்டு சொன்னாள்: "அங்கே ஒரு இலைகூட வரலை. எங்கம்மா காலத்துல பிள்ளைங்க சிரங்குக்கு அங்கிருந்துதான் எடுப்போம். இந்த மழைக்கு ஒண்ணும் வரலை."

"அப்ப அடுத்த வருசம் எங்க போவே?"

"அடுத்த வருசத்தை அடுத்த வருசம் பார்த்துக்கலாம். இன்னிக்கு அடுப்பு எரியணும். உன் வீட்ல எரியுது, அதான் காலையில மலை மேல காத்து வாங்குறே" என்று சொல்லிவிட்டு, பச்சைப் புடவைக்காரி கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள்.

நாங்கள் இறங்கி வந்தோம். மேல்சரிவு போய்க்கொண்டிருந்தது, அது முடிந்தால் கீழ்ச்சரிவு. அதுவும் போனால் அந்த டேக்டியில் இனி நன்னாரி என்ற பேச்சே கிடையாது. மாடிப்படியில் ஏறும்போது அக்கா சட்டென்று நின்றாள்.

"உன் வீட்டு ஹல்திகுங்கூ என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமைக்கா."

"அவளுவளக் கூப்பிடு."

சங்கராந்தி முடிந்ததும் மராத்தி வீடுகளில் ஹல்திகுங்கூ நடக்கும். சுமங்கலிகளை வரவழைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, ஒரு சின்னப் பரிசும் தருவார்கள். அவர்கள் என்னை அழைப்பார்கள், நானும் என் வீட்டில் ஒன்று வைத்து அவர்களை அழைப்பேன். வந்தவர்களின் முந்தானையில் அரிசி, தேங்காய், இலந்தைப்பழம் போட்டு மடி நிரப்புவோம். அதற்கு ஓட்டி என்று பெயர். என் வீட்டு ஹல்திகுங்கூவில் யாராலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குள் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு வருடமும் நான் மடி நிரப்பியதும், இந்த மராத்திக்காரிகள் அதிலிருந்து நாலு அரிசியை எடுத்து என் தட்டிலேயே திரும்பப் போட்டார்கள். என் அரிசி மட்டம் என்று காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். முதலில் பொன்னி போட்டேன், திருப்பினார்கள். அடுத்த வருடம் வாசனையான அம்பேமோஹர் வாங்கினேன், அதையும் திருப்பினார்கள். பாஸ்மதி வாங்கினேன். பாஸ்மதியையும் நாலு எடுத்துத் திருப்பிப் போட்டார்கள். அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டால் என் மானம் என்னாவது.

வஸ்திக்காரிகளை அழைக்க நானே நடந்து போனேன். வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தார்கள். எல்லோரும் துவைத்த புடவை, தலைக்கு எண்ணெய், பச்சைப் புடவைக்காரி இப்போது சிவப்பில் இருந்தாள். வாட்ச்மேன் கேட்டில் மறித்துவிட்டான். நான் பால்கனியில் நின்று, "அவங்க என் வீட்டு விருந்தாளி. கதவைத் திற" என்று சொன்ன சொல்லில் சொசைட்டியே ஜன்னலுக்கு வந்தது. சொசைட்டிப் பெண்கள் ஒரு பக்கம், வஸ்திப் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவில் யாரும் உட்காரவில்லை. அக்கா போய் நடுவில் உட்கார்ந்தாள். அவள் குங்குமம் வைத்துக்கொள்ள மாட்டாள், எள்ளுருண்டை மட்டும் எடுத்துக்கொள்வாள். என் வீட்டு விழாவில் அவள் எப்போதும் அடுக்களையில் டீ போடுகிறவள். மடி நிரப்புவதை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

சிவப்புப் புடவைக்காரி முந்தானையை ஏந்தினாள். நான் அரிசியையும் தேங்காயையும் போட்டேன். அவள் வழக்கம்போல நாலு அரிசியை எடுத்து என் தட்டில் போட்டாள்.

"ஏட்டி, இவ என்ன பண்ணுதா?" என்றாள் அக்கா.

"விடுங்கக்கா" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் விடுகிறவளா. நேரே அவளிடமே இந்தியில் கேட்டாள், ஏன் திருப்பிப் போடுகிறாய் என்று. சிவப்புப் புடவைக்காரி, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள்.

"என் மடியை நிரப்பின வீடு வெறும் வீடா ஆகக் கூடாதில்ல? அதுக்கு."

என் கையில் தட்டு அப்படியே நின்றது. இத்தனை வருடமும் என் அரிசியைப் பழித்தார்கள் என்று நான் நினைத்தது, என் வீடு நிறைந்திருக்கட்டும் என்று அவர்கள் செய்தது. பாஸ்மதி வேறு வாங்கித் தொலைத்தேன். ஆனால் அதற்கெல்லாம் நேரம் இல்லை. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். இந்தியும் தெரிந்த நாலு மராத்திச் சொல்லும் திருநெல்வேலித் தமிழும் கலந்து கொட்டினாள்.

"இவ வீட்டுக்கு நாலு அரிசி திருப்பிக் குடுத்தே. அந்த மலை உன் மடிய நெறச்சுதே, அதுக்கு என்ன குடுத்தே? உங்க வஸ்தி மலை போன வருசம் குடுத்துச்சே, அதுக்கு என்ன குடுத்தே? வழிச்செடுத்துட்டு வந்திட்டியளே."

சிவப்புப் புடவைக்காரி அக்காவைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். முந்தானையை அவள் கீழே விடவில்லை. கிழவிதான் எள்ளுருண்டையை மென்றுகொண்டே, "அவ சொல்றது நிஜம்தானே" என்றாள்.

"நிஜத்தைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா?" என்றாள் சிவப்புப் புடவைக்காரி.

"நன்னாரியக் காய்ச்சிக் குடிக்கலாம்" என்றாள் அக்கா. "தாய்வேர விட்டுட்டு மெல்லிசு வேரா எடுத்துக் கொண்டா. அதுலதான் தோலு ஜாஸ்தி, வாசனை ஜாஸ்தி. எத்தன தமிழ் வீடு இருக்கு இந்த ஊர்ல. விக்கிறது என் பாடு. எந்த வருசமும் ஓயாது."

அப்போது சிவப்புப் புடவைக்காரி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, பரிசாக நான் கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா அன்றைக்கு மிச்சம் எதையும் நாளைக்கு என்று வைக்கவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் டேக்டியில் இருந்தோம். டெம்போ வந்தது. வஸ்திப் பெண்களும் வந்தார்கள். யார் கையிலும் கடப்பாரை இல்லை, சின்னக் களைக்கொத்து இருந்தது. அந்தப் பெண், மறுபடி பச்சைப் புடவை, டெம்போக்காரனிடம் போய் நின்றாள்.

"இனிமே பக்கவேர்தான். காய் வெடிச்ச பிறகுதான். வேணும்னா எடுத்துக்க."

"பைத்தியமா உனக்கு? எடை எப்படி நிக்கும்? அடிவேர் இல்லாம எனக்கு எதுக்கு?" என்று அவன் கத்தினான். "நீ இல்லைன்னா வேற வஸ்தியில ஆள் இல்லையா?"

"போய்க் கூப்பிடு. ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிறது என் நாத்தனார். மேல்வஸ்தியில என் அக்கா மகள். ரோட்டோரத்துல என் அம்மா வீடு. யார் வீட்டுக் கதவைத் தட்டுறேன்னு சொல்லு, நான் முன்னாடி போய் நிக்கிறேன்."

பஞ்சாபிக்காரி கைதட்டிவிட்டாள். அவன் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். ஏற்கெனவே தோண்டி, ஏற்றாமல் கிடந்த சாக்குகளை ஏற்றப் போனான். கிழவி அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். டெம்போ வெறும் வண்டியாகத் தடதடவென்று இறங்கிப் போனது.

அந்தச் சாக்குகளைக் கொட்டினோம். வேரின் தலைப்பகுதியை, கொடி கிளம்புகிற கணுவோடு நறுக்கி எடுத்தோம். தை மாத வெயிலில் நட்டால் பிழைக்காது. அதனால் வஸ்தியிலும் சொசைட்டியிலும் பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி ஊன்றினோம். எந்தப் பால்கனியைப் பார்த்தாலும் நன்னாரி. செக்ரட்டரி வீட்டுத் துளசி மாடத்தில்கூட மூன்று பாக்கெட். நிறையச் செத்தன. பிழைத்தவற்றை முதல் மழைக்கு எல்லோரும் ஏறி, குழிகளில் நட்டோம். சேறு பூசிக்கொண்டு, வழுக்கி விழுந்து, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரித்த சத்தம் கீழே ரோடு வரை கேட்டதாம்.

அக்கா சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு லோஹேகாவ், கட்கி என்று தமிழ் வீடுகளாக ஏறி இறங்கினாள். அவள் சர்ச்சிலும் சொன்னாள், என் கோயிலிலும் சொன்னாள். பச்சைப் புடவைக்காரியின் மெல்லிசு வேருக்கு அந்த வருடமே ஆள் சேர்ந்துவிட்டது. பின்னால் கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, நம் ஊர்ப் பிள்ளைகள் வந்து இறங்கியபோது, அவர்களும் வாங்கினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த வருடத்தை.

காய் வெடிக்கும் காலம் வந்ததும் அக்காவும் நானும் ஸ்க்ரூடிரைவரோடு ஏறினோம். அந்த வருடம் முறைப்படி மேல்சரிவு. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். "ஏட்டி, வந்திருக்குட்டி" என்றாள். வந்திருந்தது. நட்டதும் வந்திருந்தது, மண்ணுக்குள் அறுந்து கிடந்த துண்டு வேர்களிலிருந்தும் வந்திருந்தது. எல்லாம் நூல் நூலாகக் கொடி, ஒல்லி இலை, நடுவில் அந்த வெள்ளைக் கோடு. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்த காய்கூட இருந்தது. பாறை மேல் பச்சைப் புடவைக்காரி ஆடு மேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா மண்ணில் மண்டியிட்டு ஒரு கொடியின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்.

"கையை எடு" என்றாள் பாறை மேலிருந்து.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பிஞ்சு. காலே ஊணலை. இந்த வருசம் யாரும் தொடக் கூடாது. என் மருமகளையே அடிச்சு அனுப்பினேன்."

"நான் ஒரு வேருதான எடுக்கப் போறேன்?"

"ஒண்ணுகூடக் கிடையாது. கீழ்ச்சரிவிலயும் போன வருசம் தொட்ட கொடியைத் தொடாதே. நீ எதைத் தொட்டேன்னு எனக்குத் தெரியும்."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆடெல்லாம் விலகி ஓடும் அளவுக்குச் சிரித்தாள். "என்னையவே விரட்டுதாட்டி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாறை மேல் இருந்தவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழ்ச்சரிவுக்கு அது முறை இல்லை, அதனால் வெறும் பையோடு இறங்கினோம். அந்தக் கோடைக்கு எங்கள் சொசைட்டியில் நன்னாரி சர்பத் கிடையாது. எல்லோரும் கோகம் பழச் சாறு குடித்தோம். கேட்டவர்களிடமெல்லாம் அக்கா, தனக்கு ஏதோ மெடல் கிடைத்தது மாதிரி, "குடுக்க மாட்டேன்னுட்டா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சில வருடங்களில் அவர்கள் பாளையங்கோட்டைக்கே போய்விட்டார்கள். அந்தச் சரிவில் யார் எந்த வருடம் எந்தப் பக்கம் எடுப்பது என்று இப்போது வஸ்தியில்தான் முடிவு செய்கிறார்கள். எங்களைக் கேட்பதில்லை.

சரி கண்ணு, பாட்டி எழுதினது போதும். நீ போனை அந்தாண்ட வெச்சிட்டு இந்த நோட்ட முதல்லருந்து வாசி. உனக்குத் தமிழ் மெதுவாத்தான் வரும், வரட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவ பாறை மேலருந்து கையை எடுன்னு சொல்ற இடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.